அறை அமைதி

ஜூன் 8, திங்கள்

மைக் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து தாரிணி அனுப்பியது. மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும். கேட்டது சாதாரண மைக், அவள் அனுப்பியிருப்பது பிளாஸ்க் கனத்தில் ஒரு சாமான்.

ஷெரின் சொன்னபடி இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். எந்த நாள், எந்த அறை, மைக்கை எந்தப் படத்தில் வைத்தேன், பதிவு எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டுமாம். ஷெரின் சென்னையில் ஒலிநூல் தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள். போனில் என் குரலைக் கேட்டுவிட்டு, "டீச்சர் குரல் மேடம், கேக்கறவங்கள அப்படியே உக்கார வெச்சிடும்" என்றாள். ஒரே ஒரு அத்தியாயத்தை வீட்டிலேயே சுத்தமாகப் பதிவு செய்து அனுப்பினால் முழு நாவலும் எனக்கு. அதன் பிறகு அடுத்தடுத்து வரும் என்றும் சொன்னாள்.

மைக்கின் வயிற்றில் ஒரு திருகு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு படங்கள். ஒன்று இதயம் மாதிரி, ஒன்று வட்டம், ஒன்று எட்டு, இன்னொன்று இரண்டு வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. கூட வந்த தாளில் எழுத்து எறும்பு சைசில் இருக்கிறது. படித்தேன். இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

எழுதுவதுதான் எழுதுகிறேன், இதையும் எழுதிவிடுகிறேன். இந்த வேலை கிடைத்தால் நான் ஈரோட்டுக்குப் போய்விடுவேன். அக்கா வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. தாரிணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால்தானே?

ஏப்ரலில் பள்ளிக்கூடத்தை விட்டேன். இடது பக்க பெஞ்சுப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் கலாமணி டீச்சர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று யாரோ ஒரு பெற்றோர் புகார். வாய்க்குள் முனகினால் யாருக்குக் கேட்கும்? எழுந்து நின்று தெளிவாகக் கேட்டால் சொல்ல மாட்டேனா? இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளைக் கூப்பிட்டு விசாரணை செய்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று இவர் "ஏன் உட்டே?" என்று கேட்டார். "அதப்பத்திக் கேக்காதீங்க" என்றேன். அதோடு சரி. அன்றிலிருந்து மனிதர் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ முனகுவார். "என்னங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுவார். காலமெல்லாம் லேத்துப் பட்டறைச் சத்தத்தில் நின்று இவருக்குக் காது மந்தமாகிவிட்டது. தன் குரல் தனக்கே கேட்காமல் பேசுகிறாரோ என்னவோ.

"அம்மிணி" என்று என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. கல்யாணமான புதிதில் அது எனக்குப் பிடிக்காது. பட்டிக்காடு மாதிரி இருக்கிறதே என்பேன்.

ஜூன் 9

பின்னறை. படம்: வட்டம். மேடையில் பேசுகிற மாதிரி மைக்கின் உச்சியில் வாயை வைத்து வாசித்தேன். அரை அத்தியாயம்.

ஷெரின் பதில்: "மேடம், கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. பக்கத்துல ஏதாவது ஃபேக்டரியா?"

ஃபேக்டரிதான். பக்கத்து ஷெட்டில் மாவு கிரைண்டர் தயாரிக்கிறார்கள். தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிற கணபதியில் குடியிருந்துகொண்டு கிரைண்டர் சத்தம் கூடாது என்றால் எப்படி?

ஜூன் 11, வியாழன்

தாரிணி போன் செய்து விளக்கினாள்.

"அம்மா, மொதல்ல ஒண்ணு. அது உச்சியில பேசற மைக் இல்ல. அதுக்கு மூஞ்சி வயித்துல இருக்குது. கம்பெனி பேரு எழுதியிருக்கற பக்கத்தப் பாத்துப் பேசு."

"வயித்தப் பாத்தா பேசோணும்? நல்ல கூத்து."

"ஆமாம்மா. அப்புறம், அந்தப் படமெல்லாம் மைக்கு எந்தப் பக்கம் கேக்கும்னு சொல்றது. இதயம்னா முன்னால மட்டும் கேக்கும், முதுகுப் பக்கம் கேக்காது. தனியா வாசிக்க அதுதான். வட்டம்னா சுத்தி எல்லாப் பக்கமும். நாலு பேரு மேசையச் சுத்தி உக்காந்து பேசினா அது. எட்டுன்னா முன்னயும் பின்னயும் கேக்கும், ரெண்டு பக்கவாட்டும் செவுடு. எதிரும் புதிருமா ரெண்டு பேரு உக்காந்து பேசறதுக்கு…"

"இரு இரு, எழுதிக்கறேன்." போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு பேனாவை எடுத்தேன். பாழாய்ப் போன சிக்னல் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது. ஹலோ ஹலோ என்று கத்தினேன். மறுபடி வலது காதுக்கு மாற்றினால், "எல்லாஞ் சொல்லிட்டேம்மா, புரிஞ்சுதா?" என்கிறாள். பின்னிக்கொண்ட வட்டங்களைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. திரும்பக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. "புரிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேட்டதெல்லாம் சரியாகப் புரிந்ததா என்றும் தெரியவில்லை. ஒரு மைக்குக்கு இத்தனை காது எதற்கு?

ஜூன் 12

ஹெட்போனில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. முந்தா நாள் வாங்கியது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் காதில் மாட்டிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தானுங்க கேக்குது" என்கிறார். என்ன தைரியம். என் காதில் மாட்டிப் பார்த்தேன், இடது பக்கம் ஊமை. சண்டை போட்டு வேறு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இதிலும் இடது பக்கம் ஊமை. மொத்த சரக்கும் ஒரே லாட்டு போல. ஏமாந்தவள் என்று என் நெற்றியில் எழுதியிருக்கிறதா? இன்னொரு தடவை பஸ் ஏற எனக்குத் தெம்பில்லை. வலது பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். சத்தம் வராத பக்கம் காதை அழுத்திக்கொண்டிருப்பானேன், தோடு வேறு குத்துகிறது.

ஜூன் 14, ஞாயிறு

பின்னறை. படம்: எட்டு.

ஏன் எட்டு என்றால், அத்தியாயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பேசுவதற்கு எட்டு என்று தாரிணி தெளிவாகச் சொன்னாள். அதனால் பெண்டாட்டி பேசும் வரிகளை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். புருஷன் வரி வந்ததும் எழுந்து, மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று வாசித்தேன். அவன் ஒரு வார்த்தைதான் சொல்வான், "சரி" என்று. அதற்கு ஒரு சுற்று. அப்புறம் இவள் பேசுவாள். மறுபடி ஒரு சுற்று. அத்தியாயம் முடிவதற்குள் முழங்கால் விண் விண் என்று தெறித்தது.

தாரிணியிடம் சொன்னேன். மூச்சுத் திணறுகிற வரை சிரித்தாள். "ரெண்டு பேரும் நீதானம்மா! ஒரே எடத்துல உக்காந்து வாசிச்சா போதும்!"

ஒரே ஆள் இரண்டு பேராகப் பேசினால் அது ஒருவரா இருவரா என்று அந்தத் தாளில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நான் என்ன செய்ய?

ஷெரினும் வேண்டாமென்றுவிட்டாள். எட்டில் மைக்கின் முதுகும் கேட்பதால் எதிர் ஜன்னல் வழியாகக் கிரைண்டர் ஷெட் முழுவதும் உள்ளே வந்துவிட்டதாம்.

இவர் இன்று வீட்டில்தான் இருந்தார். நான் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கதவருகில் நின்று பார்த்தார். கதவு என் இடது கைப் பக்கம். சிரித்தாரா என்று தெரியவில்லை. உதடு அசைந்த மாதிரி இருந்தது. "என்னங்க?" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 17, புதன்

பின்னறை. படம்: இதயம். மைக்கின் முகம் என் பக்கம், முதுகு ஜன்னல் பக்கம். சுற்றிலும் பழைய ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே வாசித்தேன். புருஷன் வரி வரும்போதெல்லாம் கால் தானாக எழப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

ஷெரின்: "சூப்பர் மேடம்! இதேதான். எதையும் மாத்தாதீங்க."

முதல் முறையாகச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல என் இடது பக்கத்து நாற்காலி. பிரிஜ் ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஏதாவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டேயிருந்தார். சரி போ, எனக்கும் வாய் வலிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மேசையில் என் இடது கைப் பக்கம் ஒரு பேக்கரிப் பொட்டலம், அதில் எறும்பு. தேங்காய் பன். எப்போது வைத்தார்? எனக்குப் பிடிக்கும் என்று வாங்கி வந்தவர், 'இந்தா' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் குறைந்துபோய்விடுவாரா? பிச்சைக்காரிக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போகிறார். எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றேன். அழுகையாக வந்தது.

ஒரே ஒரு நிம்மதி தூக்கம். வலது பக்கம் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தால் போதும், உலகமே அடங்கிவிடுகிறது. எதிர்வீட்டு நாய்கூட இப்போதெல்லாம் குரைப்பதில்லை.

ஜூன் 20, சனி

ஷெரின் இன்னொன்று கேட்கிறாள். அத்தியாயம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் நடுவில் நான் இருமியது, பக்கம் புரட்டியது இவற்றையெல்லாம் வெட்டினால் அந்த இடம் செத்துப்போன மாதிரி வெறுமையாகக் கேட்குமாம். அங்கே போட்டு நிரப்ப என் அறையின் அமைதி வேண்டுமாம். ஒன்றும் பேசாமல், அசையாமல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

"அமைதிய எப்படிம்மா பதிவு பண்றது?" என்றேன்.

"ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு அமைதி இருக்கும் மேடம். உங்க ரூமோடது எங்களுக்கு வேணும்."

இந்த வீட்டிலா? லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போகட்டும்.

ஜூன் 21, ஞாயிறு

பின்னறை. காலை. போன ஞாயிறு மாதிரி இல்லை, இன்று ஷெட்டுக்கு லீவு. அறை அமைதி எடுத்தேன்.

படம்: வட்டம். ஷெரின் எதையும் மாற்றாதே என்றுதான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார்த்தேன். இதயம் முன்பக்கம் மட்டும்தானே கேட்கிறது? அமைதி அறையின் நான்கு பக்கமும் இருக்கிறதே? முன்னால் இருக்கும் அமைதியை மட்டும் எடுத்து அனுப்பினால் பாதிதானே போய்ச் சேரும்? அதனால் வட்டம். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது.

அதற்கு முன்னால் அத்தியாயத்தை ஒரு முறை கேட்டதால் ஹெட்போன் தலையிலேயே இருந்தது. வலது பக்கம் காதில், இடது பக்கம் பின்னால் தள்ளியபடி. கழற்றினால் சத்தம் வரும் என்று அப்படியே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இவ்வளவு அமைதியாக எந்த அறையும் இருந்து நான் பார்த்ததில்லை. மனசு லேசாகி, ஈரோட்டு மாடியில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறந்தபோது இவர் கதவைத் தாண்டிப் போவது தெரிந்தது. முதுகு மட்டும். எப்போது வந்தார், ஏன் வந்தார், தெரியாது. தோசை ஊற்றி வைத்திருந்தேன். தொடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. எனக்கு மட்டும் கோபம் வராதா? தோசையை எடுத்து நாய்க்குப் போட்டேன்.

பதிவை அப்படியே ஷெரினுக்கு அனுப்பிவிட்டேன். அமைதியில் கேட்டுச் சரிபார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 22, திங்கள்

ஷெரின் காலையில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. வேலை இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று தோன்றியது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அனுப்பின ஃபைல நீங்க கேட்டீங்களா?"

"அமைதிதானம்மா? அதுல என்ன இருக்கு?"

"அதுல சார் பேசறாரு மேடம்."

"எந்த சார்?"

"உங்க சார்னு நெனக்கறேன். நான் முழுசாக் கேக்கல, பாதியிலயே நிறுத்திட்டேன். சாரி மேடம். நீங்க கேட்டுட்டு, அப்புறமா வேற அனுப்புங்க. அவசரமில்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அறையில் நான்தான் இருந்தேன். யாரும் பேசவில்லை. வேறு யாருடைய ஃபைலையோ கேட்டுவிட்டு உளறுகிறாள் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போன் இல்லாமல், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. காகம். மிதியடி தேய்கிற சத்தம். அப்புறம் இவர்.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன். எழுதினாலாவது விளங்குகிறதா பார்ப்போம்.

"அம்மிணி."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"இப்ப வாசிக்கலயல்ல? சும்மாதான உக்காந்திருக்கற? அதான் வந்தேன். இன்னும் எத்தன நாளைக்கு இப்படி மூஞ்சியத் திருப்பிட்டே இருப்ப? பள்ளிக்கூடத்த உட்டது தப்புன்னு நான் ஒரு நாளாச்சுஞ் சொன்னனா? ஏன்னு கேட்டேன். கேக்காதீங்கன்ன. சரி, ஆறட்டும்னு உட்டேன். அப்புறம் நானும் தெனமும் ஏதாச்சும் ஒண்ணு கேட்டுட்டுத்தான் இருக்கறேன். சாப்புடறப்பக் கேக்கறேன். படுக்கையிலயும் கேக்கறேன். நீ ஆன்னு சொல்றதில்ல, ஊன்னு சொல்றதில்ல."

மறுபடி காகம்.

"ஈரோட்டுக்குப் போறேன்னு தாரிணிகிட்டச் சொன்னியாமா. போறதுன்னாப் போ அம்மிணி. கட்டில் பீரோவெல்லாம் நானே வண்டி புடிச்சு ஏத்தி உடறேன். ஆனா இப்படி ஊமையாப் போகாத. ஒரு வார்த்த திட்டிட்டாவது போ."

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மிதியடி. அவ்வளவுதான்.

எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. சோறு வைக்க மறந்துவிட்டேன்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. இது என்றைக்கு நடந்தது? நேற்றுதான் என்றால் நான் எங்கே இருந்தேன்? இந்த மைக்கு ஏதோ கோளாறு செய்கிறது. வட்டத்தில் வைத்தால் பக்கத்து அறையில் பேசுவதும் வருமோ? ஆனால் இவர் 'சும்மாதான உக்காந்திருக்கற?' என்கிறார். என்னைப் பார்த்துத்தானே சொல்கிறார்?

கண்ணை மூடியிருந்தேன். காதை மூடவில்லை. ஒரு காதைத் திறந்துதானே வைத்திருந்தேன்?

ஜூன் 23

காலையில் ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இடது பக்கத்தை வலது காதிலும், வலது பக்கத்தை இடது காதிலும்.

கடைக்காரர் சொன்னது சரி. ஊமை என்று நான் தள்ளிவிட்ட பக்கம் கணீரென்று கேட்கிறது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பக்கம் செத்துவிட்டது.

முதல் ஹெட்போனும் நல்ல ஹெட்போன்தான் போலிருக்கிறது. பாவம் அந்த மனிதர், எவ்வளவு கத்தினேன்.

போனை இடது காதில் வைத்து நேரம் சொல்கிற நம்பருக்குப் போட்டேன். சிக்னல் இல்லை. வலது காதில் வைத்தேன். சிக்னல் இருக்கிறது.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஜூன் 24, புதன்

நேற்று முழுக்க இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னவென்று தொடங்குவது? செவிடாகிவிட்டேன் என்றா? இத்தனை நாளும் உங்கள் காதுதான் மந்தம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்றா? இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். வாய் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டார் என்று புரிந்ததும் எனக்குப் பயம் வந்தது. இவர் பேசுவதை நான் கேட்கவில்லை என்பது ஒரு விஷயம். இவர் பேசவே போவதில்லை என்பது வேறு.

இன்று பதினொரு மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு பட்டறைக்கே போனேன். நான் அங்கே போவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று நிறுத்தினார்.

"என்னாச்சு? தாரிணிக்கு ஏதாச்சுமா?"

நேருக்கு நேர் நின்றதால் நன்றாகக் கேட்டது. கூட வேலை செய்கிற ஆறுச்சாமி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "டீ வாங்கியாறனுங்க" என்று நழுவிவிட்டார்.

வழியெல்லாம் நிதானமாகப் பேச வேண்டும் என்று பாடம் பண்ணிக்கொண்டுதான் போனேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?"

கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா செவுத்துகிட்டப் பேசியிருக்கீங்க. பொண்டாட்டி பதில் சொல்லலைன்னா எம்முன்னால வந்து நின்னு, மூஞ்சியப் பாத்து, ஏண்டி, காது கேக்கலையான்னு ஒரு தடவ கத்தறதுக்கென்ன? ஊரு பூராக் கேக்கறாப்பல பட்டறையில கத்தறீங்கல்ல? வீட்டுக்கு வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா? நல்லதுக்கு ஒரு பன் வாங்கிட்டு வந்தா, அதையும் திருட்டுப் பூனையாட்டம் வெச்சுட்டுப் போனா எப்படி?"

"திருட்டுப் பூனையா? 'இந்தா அம்மிணி, உனக்குப் புடிச்சது'ன்னு சொல்லித்தான வெச்சேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. சரி, கோவம் தீரலன்னு…"

"கோவந்தான். நீங்க பேசலையேன்னு கோவம்!"

"நான் பேசலையா?" என்றார். "என்ற வாழ்நாள்ல நான் இந்த ரெண்டு மாசம் பேசுன அளவுக்குப் பேசுனதே இல்ல."

"இந்தக் காதுல பேசுனீங்க." இடது காதைத் தொட்டுக் காட்டினேன். "இது செத்துப்போச்சுங்க. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

அதற்கு மேல் எனக்கும் முடியவில்லை. பட்டறை நடுவில் இரும்புச் சுருள்களுக்கிடையே நின்று அழுதேன். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும்.

இவர் கையை வேஸ்ட்டுத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பழக்க தோஷம், இடது பக்கமே வந்தார். வந்தவர் நின்றார். அப்படியே என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். குனிந்தார். மண்ணெண்ணெய் வாடை.

"அம்மிணி," என்றார். "இது கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

ஆறுச்சாமி டீயோடு வந்து, வந்த வேகத்தில் மறுபடி வெளியே போனார்.

ஜூன் 27, சனி

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டேயிருந்தேன். இடது காதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்றார்கள்.

நரம்பு. மருந்தில் திரும்பி வராதாம். காதில் மாட்டும் கருவி வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு உதவும் என்று போகப் போகத்தான் தெரியுமாம். "எனக்கே எப்படித் தெரியாமப் போச்சுங்க?" என்றேன். "ஒரே நாள்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும். கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு. ஒரு காது நல்லா இருக்கறதால சமாளிச்சுட்டீங்க" என்றார் டாக்டர் அம்மா.

இடது பக்க பெஞ்சுப் பிள்ளைகள் முகம் ஒவ்வொன்றாக வந்தது. இவரிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துக்குப் போயி சொல்லிட்டு வரலாமா?" என்று கேட்டார். வலது பக்கம் வந்து கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை. தைரியம் வர வேண்டும்.

திரும்புகிற வழியில் ஹெட்போன் கடையில் இறங்கிக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது. பயந்து பின்னால் நகர்ந்தார்.

ஜூன் 29

கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டோம். எதிர்வீட்டு நாய் இத்தனை நாளும் குரைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சனியன், என்ன தொண்டை அதற்கு.

ஜூலை 3

வேலை கிடைத்துவிட்டது. முழு நாவலும் எனக்கு. ஈரோட்டு அக்காவிடம் மாடியை வாடகைக்கு விட்டுக்கொள்ளச் சொன்னேன். "ஏன், உன்ற வீட்டுக்காரரு பேச ஆரம்பிச்சுட்டாராக்கும்?" என்றாள். "நிறுத்த மாட்டேங்கறாரு" என்றேன்.

பழைய அறை அமைதி ஃபைலை ஷெரின் தன்னிடமிருந்து அழித்துவிட்டாளாம். என்னிடம் இருப்பதை நான் அழிக்கவில்லை. புதிதாக ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும்.

ஜூலை 5, ஞாயிறு

பின்னறை. படம்: இதயம். இந்த முறை என் சொந்த அறிவை உபயோகிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். கண்ணை மூடினேன்.

முதல் தடவை, கதவு வழியாக வந்து, மேசையை ஒரு சுற்றுச் சுற்றி என் வலது பக்கம் வந்து நின்று, சாம்பார்ப் பொடி டப்பா எங்கே என்று கேட்டார்.

"பதிவு ஓடுதுங்க!"

"ஓ" என்றார். மறுபடி மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்.

இரண்டாவது தடவை, தாரிணி போனில் என்ன சொன்னாள் என்று சொல்ல வந்தார். அதே சுற்று. "கையால காட்டுனாப் போதாதா?" என்று கத்தினேன். "காட்டுனேன், நீ கண்ண மூடிட்டு இருந்த" என்கிறார்.

மூன்றாவது தடவை வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா, வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. மைக்கில் இவர் மூச்சுதான் விழுந்திருக்கும்.

"இப்ப என்னங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. முடிஞ்சுதான்னு கேக்கலாம்னு."

ஷெரினுக்கு நாளைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைய குறிப்பு: அறை அமைதி கிடைக்கவில்லை.